இருவரும் பார்க்காத நான்கு

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு குளம்.
மாசிக் கடைசி. பாதி தண்ணீர், பாதி சேறு.
கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள்
கூட்டுக்கு மேல் கூடு அடுக்கிக்
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

பதினாலு வருஷமாய் இங்கே எண்ணுகிறவன் நான்.
கிளையில் வழிந்த எச்சத்தைப் பார்த்தே
குஞ்சுக்கு எத்தனை நாள் என்று சொல்வேன்.
பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

மைமூனா மேலப்பாளையத்துக்காரி, புள்ளியியல்.
நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசத்தை
பஸ்ஸில் வரும்போதுதான் போனில் படித்தாளாம்.
இறங்கிய கையோடு சட்டம் போட்டாள்:
ஒரே கரை, ஒரே நேரம், இரண்டு நோட்டு.
மரப்படத்தில் அவரவர் பார்த்த கூட்டுக்குப் புள்ளி.
பேசக்கூடாது. எட்டிப் பார்க்கக்கூடாது.

'பரீட்சை ஹாலாம்மா இது?' என்றேன்.
'ஆமா சார்' என்றாள்.

ஜீப் ஓட்டும் இசக்கிப்பாண்டி
சிரிப்பை ரேடியேட்டருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பணம் வாங்கித் தந்த ஜெபக்கனி மேடம்
பாளையங்கோட்டையிலிருந்து போனில் கேட்பார்:
'சண்டை போட்டாச்சா?'
இன்னும் இல்லை என்றால்
குரலில் கவலை தெரியும்.

முதல் நாள் எனக்கு அறுபது, அவளுக்கு நாற்பத்தெட்டு.
தோற்றுப்போனாள் என்று நினைத்தேன்.
இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து
வெயிலுக்கு நேரே பிடித்தாள்.
அவள் புள்ளிகளில் எட்டு
என் படத்தில் வெறும் கிளை.

எட்டு!
அன்று ராத்திரி விடுதி மின்விசிறியை
விடியும்வரை எண்ணினேன்.

மறுநாள் அவள் தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கியபோது
என் தலை ஒரு சாண் சாய்ந்தது.
ஒரு சாண்தான்.

சாயங்காலம் கணக்கு அவ்வளவு அழகாய் வந்தது.
அவள் கண்டதெல்லாம் என்னிடமும் இருந்தது.
ஒரு கூடும் யாருக்கும் தப்பவில்லை.
மைமூனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இசக்கிப்பாண்டி எதற்கோ குனிந்து
நல்ல டயரைத் தட்டிப் பார்த்தான்.

'சார், என் நோட்டைப் பார்த்தீங்களா?'

இல்லை என்ற சொல்
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
'பார்த்தேன்.'

திட்டுவாள் என்றிருந்தேன்.
ஜீப் பானட்டில் படிந்த செம்மண் தூசியில்
விரலால் எழுத ஆரம்பித்தாள், முதல் நாள் கணக்கை.

நீங்க அறுபது. நான் நாற்பத்தெட்டு.
ரெண்டு பேருக்கும் பொது நாற்பது.
உங்க அறுபதுல நான் பார்த்தது மூணுல ரெண்டு பங்கு.
அப்போ குளத்துல உள்ளதுலயும்
எனக்குத் தெரிஞ்சது மூணுல ரெண்டுதான் இருக்கும்.
மொத்தம் எழுபத்திரண்டு.
நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தது அறுபத்தெட்டு.

'மீதி நாலு?'

'அது நாம ரெண்டு பேருமே பார்க்காதது.
நீங்களும் நானும் வேற வேறயா தப்பு செஞ்சாத்தான்
அது வெளியே வரும்.
நீங்க என்னைப் பார்த்து எழுதினா
அந்த நாலும் செத்துப்போச்சு, சார்.'

'அந்த நாலும் எந்த மரத்துலன்னு
கணக்கு சொல்லுமா?' என்றான் இசக்கிப்பாண்டி.

'சொல்லாது அண்ணே. இருக்குன்னு மட்டும் சொல்லும்.
அதுவும் ஏறக்குறையதான்.'

போன் வந்தது. 'சண்டை போட்டாச்சா?'
'போட்டாச்சு மேடம்.'
'அப்பாடா. அந்தத் தாளைக் கிழிச்சிராதீங்க.
குறுக்கே கோடு போட்டு
காரணம் எழுதி வையுங்க.'

கோடு அவள் போட்டாள்.
காரணத்தை என் கையெழுத்தில் எழுதினேன்.
ஆறு சொல். மூன்று தரம் அடித்துத் திருத்தி.

மூன்றாம் நாள் எங்களுக்கு நடுவில்
குடையை விரித்து நட்டுவைத்தான் இசக்கிப்பாண்டி.
யாரும் கேட்கவில்லை.
குடைக்கு அந்தப் பக்கம்
பென்சில் உரசும் சத்தம் மட்டும்.
நான் பார்த்திராத எதையோ
அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.
இந்த முறை அது எனக்கு வலிக்கவில்லை
என்றால் பொய். கொஞ்சம் வலித்தது.

இருட்டின பிறகும் குஞ்சுகள் இரைக்குக் கத்தின.
எந்தச் சத்தம் எந்தக் கூட்டிலிருந்து என்று
மைமூனா கேட்டாள்.
பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக
தெரியலையே என்றேன்,
மற்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி.